கப்பல் விளக்கின் மூக்கு

அட்டாளைச்சேனை
14.07.1996

அன்புள்ள தங்கச்சி றஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ மூன்றாம் வகுப்பில் படித்த காலத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். உம்மா கப்பல் விளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைத் தொட்டு, “காக்கா, விளக்குக்கு என்னத்துக்கு மூக்கு?” என்றாய். “மூச்சு விட” என்றேன். நீ அதை நம்பிவிட்டாய். அதன் பிறகு விளக்கைப் பற்றவைக்கும்போதெல்லாம் மூக்குக்கு முன்னால் கையை வைத்துப் பார்ப்பாய்.

எனக்கு அன்று விடை தெரியாது. இப்போது தெரியும். அதனால்தான் கல்யாணக் களைப்பு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

உன் மகள் றுஸ்தாவின் கல்யாணத்தன்று நீ உள்ளே அவளோடு இருந்தாய். வாசலில் நடந்ததை நீ கண்டிருக்க மாட்டாய். மாப்பிள்ளை றிம்சானைக் கூட்டிக்கொண்டு அவருடைய ஆட்கள் வருகிற சத்தம் கேட்டதும், நம் வீட்டு வழக்கப்படி கப்பல் விளக்கைப் பற்றவைத்து, அதன் பக்கக் கதவைத் திறந்து, படியில் வைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் காரைதீவுப் புண்ணியமூர்த்தி நின்றார். பயிற்சிக் கலாசாலையில் என்னோடு படித்தவர், பிறகு கொழும்பில் நூதனசாலை வேலைக்குப் போனவர். அவர் குனிந்து பார்த்தார். பிறகு குந்தியே விட்டார்.

“மசூர், இதை எங்க எடுத்தீங்க?”

“உம்மாட வீட்டுச் சாமான். உம்மம்மாட வாப்பா ஹஜ்ஜுக்குப் போய் வரக்குள்ள கப்டன் குடுத்த கப்பல் விளக்கு.”

“கப்பலாவது விளக்காவது! இது ஜெர்மனியில பிள்ளைகள் விளையாடச் செஞ்ச சாமான். சுவரில படம் காட்டுற லாந்தர். நூறு வருசத்துக்கு மேல இருக்கும். இந்தச் சாதியில, பெயின்ற் போகாம, நான் ஒண்டையும் இஞ்ச கண்டதில்ல.”

எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தை எப்படிச் சொல்ல? கணக்கில் விடை சரிவராமல் ஒரு கிழமை யோசித்தவனுக்குக் குளிக்கும்போது வழி தோன்றினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அங்கேயே எல்லோருக்கும் சொன்னேன். எல்லோரும் சிரித்து மகிழ்ந்தார்கள்.

புண்ணியமூர்த்தி அதைக் கொழும்புக்குக் கேட்கிறார். கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கீழே உம்மாவின் பெயரை எழுதுவார்களாம். நல்ல யோசனை என்று எனக்குப் படுகிறது. உன் எண்ணத்தை எழுது.

காக்கா
மசூர்


நிந்தவூர்
22.07.1996

காக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அட்டாளைச்சேனைக்கும் நிந்தவூருக்கும் இடையில் பஸ் ஓடுகிறது. நீங்கள் தபாலில் எழுதியிருக்கிறீர்கள். நானும் தபாலிலேயே எழுதுகிறேன். இப்போதைக்கு அதுதான் நல்லது.

உங்கள் கடிதத்தில் திகதிக்குக் கீழே நேர்க்கோடு போட்டிருக்கிறது. சூறாவளியில் உடைந்த உம்மாவின் வாசல் கண்ணாடியில் மிஞ்சிய துண்டைத்தானே இன்னும் அடிமட்டமாக வைத்திருக்கிறீர்கள்? கோடு நேராகத்தான் இருக்கிறது. எழுதியதுதான் கோணல்.

எல்லோரும் சிரித்து மகிழ்ந்தார்களா? நான் உள்ளே இருந்தேன். ஆனால் செவிடு இல்லை. கடைசி வாங்குப் பிள்ளைக்கும் கேட்கவேண்டும் என்று நாற்பது வருடம் கதைத்த தொண்டை உங்களுடையது. “எல்லாரும் கேளுங்க, இது விளக்கில்ல, விளையாட்டுச் சாமான்!” மாப்பிள்ளையின் கால் படியில் ஏற முதல் அந்தச் சொல் அறைக்குள் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் சம்பந்தி மீராசாவின் குரல் வந்தது: “விளக்கே விளையாட்டெண்டா பொண்ணும் பொம்மைதானோ?” பிறகுதான் நீங்கள் எழுதிய சிரிப்பு.

றுஸ்தா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில் அவளுடைய பிடி விட்டுப்போயிற்று.

சந்தையில் மீன்காரன் கேட்கிறான்: “ராத்தா, விளையாட்டு விளக்கு ஊடா? பெரிய பாரை வேணுமா, பொம்மப் பாரை போதுமா?” அவன் பகிடியாகத்தான் கேட்கிறான். அடுத்த மாதம் அதுவே நம் வீட்டின் பெயராகிவிடும்.

நீங்கள் இந்த வீட்டில் பிறந்தவர். ஆனால் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் இல்லை. மௌத்தாகிப்போன என் மாப்பிள்ளை, றுஸ்தாவின் வாப்பா, மருதமுனையிலிருந்து வந்தவர். அவர் சொல்லுவார்: “உம்மாட ஊட்ட உட்டுட்டு வாறன். இஞ்ச ஒருத்தர்ட முகமும் தெரியா. அந்தச் சின்ன வெளிச்சத்தக் கண்ட பொறகுதான் கால் நகந்திச்சி.” அது கப்பல் விளக்கு, கடலில் போனவரைக் கரைக்குக் கொண்டுவந்த விளக்கு, நீங்களும் வந்துசேர்ந்துவிட்டீர்கள் என்று உம்மா அவரிடம் சொன்னாவாம். றிம்சானிடம் அதைச் சொல்லத்தான் நானும் வாயைத் திறந்தேன். அவருக்கு முன்னமே வேறு கதை கிடைத்துவிட்டது.

விளக்கைப் பற்றி இன்னும் முடிவு எடுக்கவில்லை. நீங்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

றஹீமா


அட்டாளைச்சேனை
01.08.1996

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மீராசா அப்படிச் சொன்னது என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். ஒரு பிள்ளை திமிங்கிலத்தை மீன் என்று எழுதுகிறது. அதன் உம்மாவும் மீன் என்கிறார், ஊரும் மீன் என்கிறது. ஆசிரியர் என்ன செய்யவேண்டும்? சரி போட்டுவிட்டுப் போகலாமா? நான் சொன்னதில் பொய் எது? உனக்கு மனவருத்தம் என்றால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் உண்மையைச் சொன்னதற்காக ஒருவன் தன் உம்மாவின் வீட்டுக்கு வரக்கூடாது என்பது நியாயமாகத் தெரியவில்லை.

புண்ணியமூர்த்தி எழுதியிருக்கிறார். உடம்புக்கும் மூக்குக்கும் இடையில் நாம் வெடிப்பு என்று நினைத்த நீண்ட வாய், படம் வரைந்த கண்ணாடியைச் செருகுவதற்கானதாம். கண்ணாடி ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலம் இருக்குமாம். அப்படி ஏதாவது அலுமாரியில் கிடக்கிறதா என்று பார். கண்ணாடியும் சேர்ந்திருந்தால் இன்னும் அருமையான சாமானாம்.

மசூர்


நிந்தவூர்
19.08.1996

காக்காவுக்கு,

கண்ணாடியும் இல்லை, ஒன்றும் இல்லை. தேடவும் இல்லை.

திமிங்கிலம் மீனோ இல்லையோ, அதைக் கல்யாண வீட்டில் பிடிக்கவேண்டியதில்லை.

போன கிழமை, நபிகள் பிறந்த மாதத்து மௌலூதுக்கு விளக்கை எடுக்கப் போனேன். “வேணாம் உம்மா, ஆக்கள் சிரிப்பாங்க” என்றாள் றுஸ்தா. உம்மாவின் காலத்திலிருந்து அந்த மாதத்தில் பற்றாமல் இருந்ததில்லை. இந்த முறை பற்றவில்லை. சாக்கில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன்.

உங்கள் கூட்டாளிக்கு எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முதல் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். ஒரேயடியாகப் போனால் பேச்சும் போய்விடும். பஸ்ஸில் அனுப்பச் சொல்லாதீர்கள். காவலரணில் சாக்கை அவிழ்த்து அந்த மூக்கைக் கண்டால் ஆமிக்காரன் குழாய்த் துவக்கு என்று நினைப்பான். அவனுக்கு யார் பாடம் நடத்துவது?

றஹீமா


அட்டாளைச்சேனை
15.09.1996

அன்புள்ள தங்கச்சிக்கு,

புண்ணியமூர்த்திக்கு எழுதிவிட்டேன். ஒக்டோபர் முதல் கிழமை காரைதீவுக்கு வருகிறார். நீ சொன்னபடி செய்தாயிற்று. ஆனால் தபாலில் போட்ட பிறகு மனம் சரியில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கல்முனை பஸ்ஸில் ஏறினேன். நம் வீட்டு ஒழுங்கைக்கு முன்னால் பஸ் நின்றது. கொண்டக்டர் றஸாக் நம்மைத் தெரிந்த பிள்ளை. “சேர், எறங்கல்லியா?” என்றான். “இல்ல மகன், கல்முனைக்கு” என்றேன். கல்முனையில் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. கடைத்தெருவில் ஒரு பிளேன்ரீ குடித்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அதிலும் றஸாக்தான். ஒழுங்கைக்கு முன்னால் அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மணியை அடித்தான்.

திரும்பும் வழியில், இந்த வீட்டுக்கு நான் மாப்பிள்ளையாக வந்த நாளை நினைத்தேன். வாசலில் பெற்றோல்மாக்ஸ் எரிந்தது. நல்ல வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், எனக்கு ஒருவரும் தெரியவில்லை. மறுநாள் சுபஹுத் தொழுகைக்கு எழும்பியபோது கிணறு எந்தப் பக்கம் என்று தெரியாமல், கேட்கவும் வெட்கப்பட்டு, கைகால் கழுவி வுழூ செய்யாமல் கொஞ்ச நேரம் நின்றேன். உன் மாப்பிள்ளை ஒரு நாளும் அப்படி நின்றிருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

வகுப்பில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது அதன் எழுத்துப்பிழையைத் திருத்தும் ஆசிரியரைக் கண்டிருக்கிறேன். நல்ல ஆசிரியர் என்று அவரை நான் எண்ணியதில்லை. அன்று வாசலில் நான் செய்தது அதுதான். என்னை மன்னித்துக்கொள்.

விளக்கைக் கொடுக்கவேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அது என் சாமான் இல்லை. கொடு என்று சொன்னதும் நான், வேண்டாம் என்று சொல்வதும் நானா? நீ முடிவு செய்.

மசூர்


நிந்தவூர்
06.10.1996

காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும். இருந்து வாசியுங்கள்.

செவ்வாய்க்கிழமை புண்ணியமூர்த்தி வருவதாக இருந்தது. திங்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு விளக்கை இறக்கினேன். றுஸ்தா பார்த்துவிட்டு, “இப்பிடிக் கரியோட கொழும்புக்கு அனுப்பினா எங்கடயாக்களத்தான் சொல்லுவாங்க. தாங்க உம்மா, தொடச்சித் தாறன்” என்று வாங்கினாள். மூக்கில் அடைத்திருக்கும் கறுப்பைக் கொண்டை ஊசியால் குத்தினாள். அது கரி இல்லை. மெழுகு, தேன்மெழுகு.

மருமகன் றிம்சான் பக்கத்தில் வந்து குந்தினார். “குத்தாதீங்க, சூடு காட்டினா கழரும்” என்றார். காட்டினோம். மெழுகு உருகி வழிந்தது. உள்ளே ஒரு துணிச்சுருள். இழுக்க இழுக்க வந்தது. பட்டு, காக்கா. சிவப்புப் பட்டு, சரிகைக் கரையோடு. ஒரு கூறைச்சேலையிலிருந்து கத்தரித்த துண்டு. அது முழுக்க வந்த பிறகு, அடியில் முட்டைக்கண் மாதிரி ஒரு கண்ணாடி. ஒரு கீறல் இல்லை.

அந்த நேரம் பார்த்து சம்பந்தி மீராசா மகனைப் பார்க்க வந்தார். கதிரையைப் போட்டுச் சுவர் ஓரமாக உட்கார்ந்தார். என்ன நடக்கிறது என்று கேட்டார். மஹ்ரிபு தொழுதுவிட்டு வந்து, றிம்சான் விளக்கைப் பற்றவைத்துப் பக்கக் கதவை மூடினார். வெளிச்சம் மூக்கு வழியாக வந்து வட்டமாகச் சுவரில் விழுந்தது. சுவரில் பாதி, மீராசாவின் முகத்தில் பாதி.

“என்ன புள்ள, என்னையா படம் காட்டுறீங்க?” என்று கையால் கண்ணை மறைத்தார்.

“இல்ல மாமா, பொம்மைய மட்டுந்தான் காட்டும்” என்றாள் றுஸ்தா.

கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கு எதிரே அவள் வாய் திறந்தது அதுதான் முதல். மனிசன் கையை இறக்கினார். அவளைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “நான் சொன்ன சொல்லுக்கு அது எனக்கு வேணும்” என்றார். கதிரையையும் நகர்த்திப் போட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டு, விளக்கு அணையும் வரைக்கும் இருந்துதான் போனார்.

பட்டுத்துண்டை மடியில் வைத்து விரித்துக்கொண்டே றுஸ்தா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “உம்மா, தெரியாத ஆள் இப்பிடி அடைக்க மாட்டாங்க. தெரியாட்டிச் சும்மா உடுவாங்க, இல்லாட்டி ஒடச்சி எறிவாங்க. இவங்க கூறைச்சேலைய வெட்டி, கண்ணாடில கீறல் படாமச் சுத்தி, அதுக்கு மேல மெழுகு ஊத்தியிரிக்காங்க. இது விளையாட்டுச் சாமான் எண்டு அவங்களுக்கு நல்லாத் தெரியும்.”

நான் இரண்டு நாள் இதைத்தான் யோசித்தேன். ஹஜ்ஜுக்குப் போன மனிசன் பிள்ளைகளுக்கு என்று வாங்கிவந்திருப்பார். படம் காட்டும் சாமானைத் தொழுகிற வீட்டில் வைக்க அவருடைய மனிசிக்கு மனம் வரவில்லை. அவர் கடல் தாண்டிக் கொண்டுவந்ததை எறியவும் மனம் வரவில்லை. மூக்கை அடைத்து விளக்காக்கினாள். விளையாட்டுச் சாமான் என்று நீங்கள் சொன்னதும் சரி, விளக்கு என்று நான் சொன்னதும் சரி. நீங்களும் நானும் இரண்டு மாதம் அடிபட்ட விசயத்தை அவள் ஒரு துண்டுப் பட்டில் முடித்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை புண்ணியமூர்த்தி வந்தார். றுஸ்தாதான் கதைத்தாள். “வீடு எனக்குச் சீதனமா எழுதித் தந்தது, விளக்கு வீட்டோட வாறது, வீட்ட விட்டுப் போகாது” என்றாள். நானும் அப்போதுதான் நினைத்தேன். கல்யாணத்தன்றிலிருந்து அது அவளுடைய சாமான். அவளிடம் ஒருவருமே கேட்கவில்லை. அந்த மனிசன் கோபிக்கவில்லை. வட்டிலப்பம் சாப்பிட்டார், விளக்கை எல்லாப் பக்கமும் திருப்பிப் படம் பிடித்தார். “சிவப்புப் பெயின்றைப் புளி போட்டு மினுக்கிறாதீங்க பிள்ளை, கும்பிட்டன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீராசா இப்போது சந்தையில் என்ன சொல்கிறார் தெரியுமா? “எங்கட மகன் போன ஊட்டில ஜெர்மன் விளக்கு.” மீன்காரன் பெரிய பாரையை மட்டும்தான் காட்டுகிறான்.

இப்போது றுஸ்தாவுக்கும் றிம்சானுக்கும் ஒரே யோசனை. சுவரில் வெறும் வட்டம்தான் விழுகிறது. கண்ணாடிப் படம் ஒன்றாவது இருந்திருக்கவேண்டுமே, அந்த மனிசி மூக்கின் கண்ணாடியைப் பத்திரமாக வைத்தவள், படக் கண்ணாடியை என்ன செய்தாள் என்று கேட்கிறார்கள். எனக்கு விடை தெரியவில்லை. மூச்சு விட என்று சொல்ல நான் நீங்களும் இல்லை.

வருவதானால் வாருங்கள். பஸ் வாசலில்தான் நிற்கிறது. றஸாக் என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டான்.

றஹீமா


அட்டாளைச்சேனை
13.10.1996

அன்புள்ள தங்கச்சிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் வந்தபோது நான் மேசையில் இருந்தேன். பேரப்பிள்ளையின் கொப்பிக்கு ஓரக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். “படக் கண்ணாடியை என்ன செய்தாள்” என்ற வரிக்கு வந்ததும் கையைப் பார்த்தேன்.

ஒரு சாண் நீளம். மூன்று விரல் அகலம்.

உம்மாவின் வாசலுக்கு மேல் கண்ணாடித் துண்டுகள் வரிசையாகப் பதித்திருந்தது உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு நோன்புக்கும் சுவரோடு சேர்த்து அவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். சூறாவளியில் மற்றவை தூளாகிவிட்டன. மிஞ்சியதை நான் எடுத்துவந்தேன். நீளமும் நேருமாக இருந்ததால் அடிமட்டமாக வைத்துக்கொண்டேன். பதினெட்டு வருடம் இதை வைத்துத்தான் கோடு போட்டேன். புண்ணியமூர்த்தி அளவை எழுதியபோதும், அதை உனக்கு நான் எழுதியபோதும், இது என் கைக்குக் கீழேதான் கிடந்தது. ஏன், நீ உன் முதல் கடிதத்திலேயே இதைச் சொல்லிக் காட்டியிருக்கிறாய். கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுவாரே, அப்படித்தான்.

சுண்ணாம்பை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தேன். மெல்ல மெல்ல விட்டது. உள்ளே நிறம் இருக்கிறது. ஒரு கரை முழுவதும் நீலம், அதை ஒட்டி முக்கோணமாகச் சில வெள்ளை வடிவங்கள். நான் எப்போதும் பிடித்துக் கோடு போடும் வாக்கில் நீலப் பக்கம் மேலே வந்தது. அதனால் வானம் என்று முதலில் எண்ணினேன். இந்த விளக்குக்குள் படத்தைத் தலைகீழாகப் போட்டால்தான் சுவரில் நேராக விழும் என்று புண்ணியமூர்த்தி எழுதியிருக்கிறார். அப்படியானால் மேலே இருக்கும் நீலம் சுவரில் எங்கே விழும் என்று யோசித்துப் பார். மிச்சத்தை நான் சொல்லப்போவதில்லை.

றஸாக்கிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். வாழைப்பட்டையில் வைத்துப் பழைய சாரத் துணியால் சுற்றியிருக்கிறேன். காவலரணில் கேட்டால், வாத்தியாருடைய அடிமட்டம் என்று சொல்லச் சொன்னேன். பொய்யும் இல்லை.

இதைக் கொண்டு நானே வரலாம்தான். சட்டையும் போட்டுவிட்டேன். பிறகு கழற்றினேன். நான் அங்கே நின்றால் விளக்குப் பற்றுவதற்கு முன் பாடத்தை நடத்தி முடித்துவிடுவேன். அந்தச் சுவரை முதலில் றுஸ்தாவும் றிம்சானும் நீயும் பார்க்கவேண்டும். மீராசா இருந்தால் அவரும் பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நான் வருகிறேன். ஒழுங்கைக்கு முன்னால் இறங்குவேன் என்று றஸாக்கிடமும் சொல்லியாயிற்று. சுவரில் என்ன தெரிந்தது என்று அப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்.

மஹ்ரிபுக்குப் பிறகு விளக்கைப் பற்றவைத்து, நீலம் மேலே இருக்கும்படி கண்ணாடியை அந்த வாயில் செருகி, படம் தெளியும்வரை மூக்கை மெல்ல முன்னும் பின்னும் இழுத்துப் பார்.

காக்கா
மசூர்